வலது கைத் துணி

இடது கைக்கு நாமே சுற்றிக்கொள்ளலாம்.
வலது கைக்கு இன்னொருத்தி வேண்டும்.
சின்னப்பாலத்தில் பாசிக்குப் போகிற எவளைக் கேட்டாலும் சொல்வாள்.
பழைய வேட்டிக் கிழிசல், விரல் விரலாக,
பாறை கிழிக்காமல் இருக்க.
எனக்குச் சலேத்து. சலேத்துக்கு நான்.
பதினோரு வருஷம்.

மோதிர விரலின் அடியில் கடுகு மாதிரி ஒன்று.
முள்ளுதான், உள்ளே ஒடிஞ்சிருக்கும் என்றாள்.
நானும் ஊசியைச் சுட்டுக் குத்திப் பார்த்தேன்.
என் மேல் தப்பில்லை என்று பிற்பாடு டாக்டர் சொல்லிவிட்டார்.
இருந்தாலும் அந்த ஊசி
இன்னும் கூரையில் செருகித்தான் இருக்கிறது.

ராமநாதபுரத்தில் கொழுப்புக் கட்டி என்றார்கள்.
மதுரையில் ஆறு மாதம் வேறெதற்கோ மாத்திரை.
அப்புறம் சதையில் துளி வெட்டி வேலூருக்கு அனுப்ப,
அங்கிருந்து ஒரு பெயர் வந்தது.
எங்கள் வாயில் நுழையவில்லை.
டாக்டரே சீட்டைப் பார்த்துத்தான் வாசித்தார்.
பல லட்சம் பேரில் ஒருத்தருக்கு வரும் என்றார்.
"ரேசன் கடையிலகூட மொத ஆளா நின்னதில்ல நம்பு"
என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்போம்.
மிச்ச நாள் பாசி வளரட்டும் என்று
நாங்களே பேசிவைத்த கட்டுப்பாடு.
மருந்து ஏற்றுவதையும் அந்த மிச்ச நாளில் வையுங்கள்
என்று ஆஸ்பத்திரியில் கேட்டவள் அவள்.

அஞ்சேகால் பஸ் பாலத்தில் ஏறியதும்
ஜன்னலைத் தட்டிக் காட்டுவாள்.
அந்தா குருசடை,
அந்தா நாம முங்குற இடம்,
இம்புட்டுத்தானா நம்பு,
ஒரு கையால மறைச்சிரலாம்போல.
மறைத்தும் காட்டினாள்.
அப்போது அந்தக் கை இருந்தது.

முழங்கைக்குக் கீழே எடுத்தார்கள்.
டெல்சிக்கு ஆறு வயது.
வெட்டுன கைய எங்க வச்சிருக்காங்க என்று கேட்டது பிள்ளை.
எல்லாரும் சுவரைப் பார்த்தோம்.
"வேலூருக்குப் படிக்கப் போயிருக்கு" என்றாள் சலேத்து.
ரொம்ப நாள்,
கை எத்தனாங் கிளாஸ் என்று
விசாரித்துக்கொண்டிருந்தது அது.

நாலாம் மாதம் கரையில் வந்து நின்றாள்.
இன்னாசி அண்ணன் கத்தினார்,
பங்குச் சாமியாரைக் கூட்டிவந்தார்.
இடுப்பளவுத் தண்ணியிலதான் நிப்பேன் என்று சத்தியம் செய்தாள்.
நிற்கவில்லை. முங்கினாள்.

அவளுடைய ஒற்றைக் கைக்கு நான் சுற்றிவிட்டேன்.
என் வலது கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டேன்.
"கொண்டா" என்றாள்.
துணியின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து
மறு நுனியை இடது கையால் இழுத்து
முடிச்சுப் போட்டாள்.
உப்பும் எச்சிலும் ஊறின முடிச்சு.
சாயந்திரம் கத்தரித்துத்தான் எடுக்க முடிந்தது.

இரண்டு ஆடி அப்படிப் போனது.
பிறகு அது நெஞ்சுக்குள் ஏறியது.
முங்கி எழுந்தால் இருமல்,
அப்புறம் முங்காமலே இருமல்.

கடைசி வாரம்
"நம்பு, நம்பு" என்றாள்.
என் பெயர் நம்பு ஈஸ்வரி.
நம்புநாயகி கோயிலில் வேண்டிப் பிறந்ததால் வைத்தது.
கூப்பிட்டாளா, சொன்னாளா?
பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.
என்னடி என்று கேட்டிருக்கலாம்.

சிலுவையில் எழுத வந்த பெயிண்டர்
வயதுக்கு வந்ததும் பிரஷ்ஷை நிறுத்தி
முப்பத்தொண்ணுதானா என்று
இரண்டு தடவை கேட்டான்.

டெல்சி இப்போது எட்டாவது.
பாசிக்குப் போகக் கூடாதென்பது அப்பன் உத்தரவு.
லீவு நாளில் கரைவரைக்கும் வரும்,
என் பையைத் தூக்கிக்கொண்டு.
இன்றைக்கு விடியுமுன்னே
வலது கையை அதனிடம் நீட்டினேன்.

பிள்ளைக்கு இரண்டு கையும் இருக்கிறது.
ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டது.